ஏசர் ஏன் மலிவு? வாத்து முட்டையிலிருந்து சொன்னால்தான் விளங்கும்

தலவாக்கலைப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: தங்கச்சிக்குக் கெம்பஸ் கிடைத்திருக்கிறது, லெப்டொப் ஒன்று எடுக்க வேண்டும், சீட்டு எடுத்து வைத்திருக்கிற காசுக்கு ஏசர்தான் வருகிறது, ஆனால் கூட்டாளிமார் "அவன் சொந்தமாக ஒன்றும் செய்வதில்லை, எவனோ செய்த சாமானில் பெயரை ஒட்டி விற்கிறான், அதனால்தான் மலிவு, மலிவுச் சாமான் நம் மலைக் குளிருக்கு ஒரு வருசம்கூட நிற்காது" என்கிறார்கள், இதில் எவ்வளவு உண்மை, வாங்கலாமா விடலாமா என்று.

பாதி உண்மை தம்பி. பெயரை ஒட்டி விற்பது உண்மைதான். அதனால்தான் மலிவு என்பது சரியில்லை, ஏனென்றால் இன்றைக்குச் சந்தையில் இருக்கிற பெரிய பெயர்கள் பலவும் ஏறக்குறைய அதையேதான் செய்கின்றன. ஏசரின் மலிவுக்குக் காரணம் அதன் பிறப்பில் இருக்கிறது. அது வியாபாரியாகப் பிறந்த கம்பனி. சாமானில் எவ்வளவு லாபம் வைக்கலாம் என்பதைவிட, அதை எவ்வளவு சீக்கிரம் கையைவிட்டுத் தள்ளலாம் என்று பார்க்கிற புத்தி. மேலே போனதும் அந்தப் புத்தியால், ஒருமுறை குப்புற விழுந்ததும் அந்தப் புத்தி தவறியதால். நானும் ஹட்டனில் கம்ப்யூட்டர் சாமான் எடுத்து விற்று, திருத்தியும் கொடுக்கிறவன் என்பதால் இந்தக் கதையில் கொஞ்சம் பிரியம் அதிகம், நீளமாகத்தான் போகும்.

தாய்வானில் 1976-ல் தொடங்கியபோது அதன் பெயர் ஏசர் இல்லை, மல்டிடெக். ஸ்டான் ஷி என்ற பொறியியலாளர், அவர் மனைவி கரோலின் யே, கூட இன்னும் ஐந்து பேர். கையில் இருந்தது 25,000 அமெரிக்க டொலர், வேலைக்கு எல்லாமாக 11 பேர். ஸ்டான் ஷி அதற்கு முன் கல்குலேட்டர் செய்த கம்பனியில் வேலை பார்த்தவர், பேனைக்குள் மணிக்கூடு வைத்து விற்றதில்கூட அவர் கை இருந்தது. அப்போதுதான் மைக்ரோபுரொசெசர் என்ற சாமான், கம்ப்யூட்டரின் மூளையாக வேலை செய்கிற சிப், உலகத்துக்கே புதிது. மல்டிடெக் செய்த முதல் வேலை அமெரிக்காவிலிருந்து அந்தச் சிப்புகளையும் மற்ற எலெக்ட்ரொனிக் பாகங்களையும் எடுத்து உள்ளூர்த் தொழிற்சாலைகளுக்கு விற்பதும், அதை எங்கே எப்படிப் பொருத்தலாம் என்று ஆலோசனை சொல்வதும். ஏஜன்ட் வேலை, அவ்வளவுதான். சைலொக் கம்பனியின் சிப்புகளை அவர்கள் விற்றார்கள், பின்னால் அவர்கள் செய்த முதல் மெஷினுக்குள் இருந்ததும் அதே சைலொக்கின் இசட்-80 சிப்தான்.

இங்கே வாத்து முட்டை வருகிறது. ஸ்டான் ஷி பிறந்தது லுகாங் என்ற பழைய துறைமுக ஊரில், மூன்று வயதில் அப்பா இறந்துவிட்டார், அம்மா சின்னக் கடை வைத்துப் பிள்ளையை ஆளாக்கினார். அந்தக் கடையில் ஒரு பக்கம் வாத்து முட்டை, இன்னொரு பக்கம் காகிதம், பேனை, கொப்பி. முட்டையில் நூற்றுக்குப் பத்துத்தான் லாபம் நிற்கும், எழுதுபொருளில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். கணக்குத் தெரியாதவன் பேனையைத்தான் விற்கச் சொல்வான். ஆனால் முட்டை இரண்டொரு நாளில் விற்றுத் தீரும், தீராவிட்டால் அழுகும், அதனால் தீர்த்தே ஆகவேண்டும். பேனையும் காகிதமும் மாதக்கணக்கில் தட்டிலே தூசி பிடித்துக் கிடக்கும். வருசக் கடைசியில் பார்த்தால் வீட்டுக்குச் சோறு போட்டது முட்டை. போட்ட காசு எத்தனை தடவை திரும்பிக் கைக்கு வருகிறது என்பதுதான் வியாபாரம் என்று இந்தக் கதையை அவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார், தன் கம்பனியை விளக்க வேண்டிய நேரமெல்லாம் இதைத்தான் எடுப்பார். சில்லறைக்கடை வைத்திருக்கிற யாருக்கும் இதில் விளங்காதது ஒன்றுமில்லை, கம்ப்யூட்டர்த் தொழிலுக்கு இது பொருந்தும் என்று 1976-ல் பிடித்துக்கொண்டதுதான் பெரிய விசயம். கம்ப்யூட்டர் பாகத்தின் விலை மாதத்துக்கு மாதம் இறங்கும். இன்றைக்கு எடுத்து வைத்த சிப் மூன்று மாதம் கழித்து அதே விலைக்குப் போகாது.

சரி, ஏஜன்ட் எப்படி மெஷின் செய்பவனானான்? சிப் விற்க வேண்டுமென்றால் அதைப் பாவிக்கத் தெரிந்த ஆட்கள் நாட்டில் இருக்க வேண்டுமே. அதனால் 1978-ல் ஒரு பயிற்சி நிலையம் திறந்து சுமார் 3,000 பொறியியலாளர்களுக்கு மைக்ரோபுரொசெசர் சொல்லிக்கொடுத்தார்கள். வாடிக்கையாளரைத் தேடி அலையாமல் தானே உருவாக்கிக்கொண்ட வேலை இது, எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம். அந்தப் பயிற்சிக்குப் பாவிக்கிற மாதிரியே 1981-ல் 'மைக்ரோ-புரொபசர் 1' என்ற சின்ன மெஷினைத் தங்கள் சொந்தப் பெயரில் வெளியிட்டார்கள். புத்தகம் மாதிரி மூடித் திறக்கிற பிளாஸ்டிக் பெட்டி, அலுமாரியில் நிறுத்தினால் தடிப் புத்தகம் என்றே நினைப்பீர்கள். திறந்தால் உள்ளே வெறும் சர்க்கிட் போர்ட், மேலே சிவப்பில் ஆறே ஆறு இலக்கம் காட்டுகிற ஒரு டிஸ்பிளே, கீழே 36 பொத்தான். டீவி கிடையாது, திரை கிடையாது, இயந்திர மொழியை ஒவ்வோர் எண்ணாகக் குத்த வேண்டும். நினைவகம் 2 கேபி. இப்போது நமக்கு வருகிற ஒரு குட் மோர்னிங் படம்கூட அதற்குள் அடங்காது. ஆனால் பல நாட்டுக் கல்லூரிகளில் அதை வைத்துப் பிள்ளைகள் படித்தார்கள். மலிவாகப் படிக்க ஒரு மெஷின், அதுதான் இந்தக் கம்பனியின் முதல் பெயர் போட்ட சாமான், தங்கச்சிக்குச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு எண்பதுகள் வேகமாக ஓடின. சிஞ்சு அறிவியல் பூங்காவில் தொழிற்சாலை, ஆப்பிள் 2-ஐ ஒட்டி ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர், அப்புறம் அமெரிக்காவின் பெரிய கம்ப்யூட்டர்க் கம்பனியான ஐபிஎம்மின் மெஷினுக்குப் பொருந்துகிற பிசிக்கள். 1986-ல் இன்டெலின் அன்றைய புதுச் சிப்பான 386 போட்ட மெஷினை ஐபிஎம்முக்கே முந்திக் கொண்டுவந்தார்கள், கொம்பெக் மட்டும்தான் அவர்களுக்கு முன்னால். 1987-ல் பெயரை ஏசர் என்று மாற்றினார்கள், 1988-ல் தாய்வான் பங்குச்சந்தைக்குப் போனார்கள். காசு வந்தது, கூடவே கொழுப்பும் வந்தது. ஐபிஎம்மில் பெரிய பதவியில் இருந்த லெனார்ட் லியுவைக் கூட்டிவந்து தலைமையில் வைத்தார்கள், அமெரிக்காவில் கம்பனிகளை வாங்கிப் போட்டார்கள், சம்பளப் பட்டியல் நீண்டது, 1991-ல் நட்டத்தில் போய் நின்றார்கள். லியு 1992-ல் விலகினார்.

அந்த அடிக்குப் பிறகு ஸ்டான் ஷி செய்த மாற்றத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதுவரை தாய்வானில் முழுக் கம்ப்யூட்டரையும் பூட்டிக் கப்பலில் அனுப்பினார்கள். கப்பல் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் உள்ளே இருக்கிற சிப்பின் விலை இறங்கிவிடும், இறங்கிய விலைக்குத்தான் விற்க முடியும். ஆக, கடலில் மிதக்கிற ஒவ்வொரு நாளும் நட்டம். 1992-ல் வந்த புதுத் திட்டத்தை அவர்கள் துரித உணவுக் கடை முறை என்று சொன்னார்கள்: விலை மாறாத பெட்டி, பவர் சப்ளை மாதிரிச் சாமான்கள் நிதானமாகக் கப்பலில் வரும், விலை இறங்குகிற மதர்போர்ட், அதாவது பாகங்களைப் பொருத்துகிற பெரிய சர்க்கிட் போர்ட், விமானத்தில் வரும், சிப், ஹார்ட் டிஸ்க் மாதிரியானவற்றை விற்கிற நாட்டிலேயே அன்றைய விலைக்கு எடுப்பார்கள், பூட்டுவது கடைக்குப் பக்கத்தில். வாடிக்கையாளருக்குப் போவது புதுச் சிப், கம்பனிக்குக் களஞ்சியத்தில் அழுகுகிற சாமான் குறைவு. யோசித்துப் பார்த்தால் இதில் புது விஞ்ஞானம் ஒன்றுமில்லை, முட்டையை எங்கே வைப்பது, பேனையை எங்கே வைப்பது என்ற அம்மாவின் கணக்குத்தான்.

அதே வருசம்தான் அவர் அந்தப் 'புன்னகை வளைவு' படத்தையும் வரைந்தார். ஒரு சாமானின் பிறப்பை இடமிருந்து வலமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: இடது ஓரத்தில் ஆராய்ச்சி, சிப், வடிவமைப்பு, நடுவில் பூட்டுகிற தொழிற்சாலை, வலது ஓரத்தில் பெயர், விநியோகம், சேவை. யாருக்கு எவ்வளவு மிச்சம் என்று கோடு போட்டால் இரண்டு ஓரமும் மேலே தூக்கி, நடு கீழே தொங்கும், சிரிக்கிற வாய் மாதிரி. இதை விளக்க நமக்குத் தாய்வானுக்குப் போக வேண்டியதில்லை. மலையில் கொழுந்து எடுக்கிறவருக்கு ஒரு நாளைக்கு 1,000 ரூபா என்று ஆக்குவதற்கே 2021 வரை வருசக்கணக்கில் போராட வேண்டியிருந்தது, அதே தேயிலை கொழும்பு ஏலத்தைத் தாண்டி, யாரோ ஒருவன் பெயர் போட்ட பக்கட்டில் ஏறி, வெளிநாட்டுக் கடைத் தட்டில் உட்காரும்போது என்ன விலை என்று நம் எல்லாருக்கும் தெரியும். வளைவின் பள்ளத்தில் இருக்கிறவனுக்கு எவ்வளவு முதுகு வளைந்தாலும் கூலி ஏறாது. ஸ்டான் ஷி தன் நாட்டைப் பார்த்துச் சொன்னதும் இதுதான், பள்ளத்திலேயே நின்றுகொண்டிருந்தால் காலம் முழுக்க மற்றவனுக்குப் பூட்டிக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான், ஓரத்துக்கு ஏறுங்கள் என்று.

ஆனால் சொன்னதைச் செய்ய அவருக்கே எட்டு ஒன்பது வருசம் பிடித்தது. தொண்ணூறுகளில் ஏசர் இரண்டு தொப்பி போட்டுக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் சொந்தப் பெயரில் விற்றது, 1995-ல் ஆஸ்பயர் வந்தது, 1997-ல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் லெப்டொப் பிரிவை வாங்கியதில் டிராவல்மேட், எக்ஸ்டென்சா என்ற பெயர்களும் கைக்கு வந்தன. இன்னொரு பக்கம் மற்றக் கம்பனிகளுக்கு மெஷினும் பாகமும் செய்து கொடுத்தது, 1999-ல் ஐபிஎம்மோடு மட்டும் ஏழு வருசத்துக்கு 8 பில்லியன் டொலர் ஒப்பந்தம். யோசியுங்கள், நீங்கள் யாருக்குச் செய்து கொடுக்கிறீர்களோ அவனோடேயே பக்கத்துக் கடையில் போட்டியும் போடுகிறீர்கள். எந்த வாடிக்கையாளர் தன் இரகசியத்தை உங்களிடம் நம்பித் தருவான்? அதனால் 2000, 2001-ல் கம்பனியைப் பிளந்தார்கள். செய்து கொடுக்கிற பிரிவு விஸ்ட்ரன் ஆனது, மொனிட்டர் மாதிரியான துணைச் சாதனப் பிரிவு பென்கியூ ஆனது, ஏசர் என்ற பெயரோடு மிஞ்சியது வடிவமைப்பும் சந்தையும் விற்பனையும் மட்டும்.

உங்கள் கூட்டாளிமார் சொல்வது இந்த இடத்திலிருந்துதான் உண்மையாகிறது. ஏசர் லெப்டொப்பை ஏசர் பூட்டுவதில்லை, குவாண்டா, கொம்பல், விஸ்ட்ரன் மாதிரிக் கம்பனிகள் பூட்டுகின்றன. ஆனால் அவர்களிடம் இதையும் கேளுங்கள்: டெல்லுக்கும் எச்பிக்கும் பூட்டுகிறது யார்? இதே ஆட்கள்தான். ஆப்பிளின் மக்புக்குக்கூட குவாண்டாவின் கை பட்டு வருகிறதுதான். ஒரே கூரைக்குக் கீழே பக்கத்துப் பக்கத்து வரிசைகளில் ஓடுகிற சாமான். வித்தியாசம் வருவது, பெயர்க்காரன் என்ன விலைக்கு எந்தப் பாகம் போடச் சொன்னான் என்பதில்.

2001-க்குப் பிறகு ஏசர் மறுபடி தன் பழைய ஏஜன்ட் புத்திக்குத் திரும்பியது. நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்பதில்லை என்று முடிவு. அந்த நேரம் டெல் நேரடி விற்பனையில் கொடிகட்டிப் பறந்தது, எல்லாரும் அதைப் பார்த்து வாய் பிளந்தார்கள், ஏசர் நேர் எதிராக விநியோகஸ்தர், கடைக்காரர் வழியாக மட்டுமே போனது. ஜே.டி. வாங் தலைவர், ஐரோப்பாவில் ஜான்பிராங்கோ லாஞ்சி என்ற இத்தாலிக்காரர், இவர் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பிரிவோடு சேர்ந்து வந்தவர். தலைமையகத்தில் ஆள் குறைவு, செலவு குறைவு, நடைமுறை லாபம் நூற்றுக்கு இரண்டு மூன்று வீதம், ஆனால் தொகை மலை மாதிரி. கடைக்காரனுக்கு ஒரு பங்கு விட்டுக்கொடுத்ததால் கடைக்காரன் ஏசரைத்தான் முன்னால் எடுத்துக் காட்டினான். நானும் கடைக்காரன் என்பதால் சொல்கிறேன், இதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது.

2007-ல் 710 மில்லியன் டொலருக்கு அமெரிக்காவின் கேட்வேயை வாங்கினார்கள், மாட்டுத்தோல் புள்ளி போட்ட பெட்டியில் வந்த அதே கேட்வே. அதோடு இமெஷின்ஸ் என்ற மலிவுப் பெயரும் சேர்ந்து வந்தது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஐரோப்பாவின் பெக்கார்ட் பெல்லை வாங்க லெனோவோ பேசிக்கொண்டிருந்தது, ஆனால் அதை முதலில் வாங்குகிற உரிமை கேட்வேயின் கையில் இருந்தது, கேட்வேயைப் பிடித்ததும் அந்த உரிமையும் ஏசரிடம் வந்துவிட்டது, லெனோவோ வெறுங்கையோடு போனது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

அப்புறம் நெட்புக், அதாவது சின்ன மலிவு லெப்டொப். 2007 கடைசியில் ஏசுஸ் 7 அங்குலத் திரையோடு சின்ன மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து சந்தையைக் கிளப்பியது, 2008-ல் ஏசர் ஆஸ்பயர் ஒன் என்று பதில் கொடுத்தது: 8.9 அங்குலத் திரை, இன்டெல் ஆட்டம் சிப், லினக்ஸ் அல்லது விண்டோஸ் எக்ஸ்பி. இரண்டு உள்ளங்கையில் அடங்குகிற சாமான். விரல் தடித்தவன் ஒரு வரி பிழையில்லாமல் அடிக்க முடியாது, யூடியூப்பில் கொஞ்சம் பெரிய படம் போட்டால் திக்கித் திக்கி ஓடும், ஆனாலும் முதல்முறையாக லெப்டொப் என்பது துரைமாருக்கும் பேங்க் மெனேஜருக்கும் மட்டுமான சாமான் இல்லை என்று ஆனது அந்தக் காலத்தில்தான். இந்தச் சின்ன மெஷினின் தோளில் ஏறி 2009-ன் மூன்றாம் காலாண்டில் ஏசர் டெல்லைத் தாண்டி உலகத்தில் இரண்டாவது பெரிய பிசி விற்பனையாளர் ஆனது. முதலிடத்தில் எச்பி.

அடுத்த வருசம் ஐபேட் வந்தது. நெட்புக் வாங்க நினைத்த ஆள் எல்லாம் அங்கே திரும்பினான். ஏசரோ பழைய வேகத்திலேயே விநியோகஸ்தர்களிடம் சாமானைத் தள்ளிக்கொண்டிருந்தது, விநியோகஸ்தர் களஞ்சியத்துக்குப் போனால் விற்றாகிவிட்டது என்று கணக்கில் எழுதுவது இந்தத் தொழிலின் பழைய வியாதி, கடைசி வாடிக்கையாளன் கையில் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. 2011 மார்ச் 31-ல் லாஞ்சி விலகினார், ஜூனில் ஐரோப்பாக் களஞ்சியங்களில் தேங்கிக் கிடந்த சாமானுக்காக 150 மில்லியன் டொலரை நட்டத்தில் எழுதினார்கள். முட்டை அழுகும் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த கம்பனி, முட்டைக் கூடையை எண்ணிப் பார்க்காமல் விட்டுவிட்டது. லாஞ்சி போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா, லெனோவோ. அங்கே அவர் பெரிய ஆளாகவும் ஆனார்.

மிச்சத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். 2013 கடைசியில் ஜே.டி. வாங் விலக, ஓய்வில் இருந்த ஸ்டான் ஷி கொஞ்ச காலத்துக்குத் திரும்பி வந்தார், 2014-லிருந்து ஜேசன் சென் என்பவர் நடத்துகிறார், இவர் சிப் செய்கிற டிஎஸ்எம்சியிலிருந்து வந்தவர். மலிவு விசயத்தில் ஏசர் பிடித்த புது இடம் குரோம்புக், விண்டோஸுக்குப் பதிலாகக் கூகிளின் மென்பொருளில் ஓடுகிற லெப்டொப், 2011-ல் முதன்முதல் வந்த குரோம்புக்குகளில் ஒன்று சாம்சங்கினுடையது, மற்றது ஏசருடையது, 2012-ல் 199 டொலருக்கே ஒன்றை இறக்கினார்கள். மலிவு மட்டும்தான் தெரியும் என்றும் நினைக்க வேண்டாம், 2017-ல் இதே கம்பனி 21 அங்குல வளைந்த திரையோடு பிரெடேட்டர் 21 எக்ஸ் என்று ஒரு கேமிங் லெப்டொப்பை 8,999 டொலருக்கு விற்றது. நிறை 8 கிலோவுக்கு மேல், அதை மடியில் வைத்தவன் எழும்ப இன்னொருவன் கைகொடுக்க வேண்டும்.

இனி நம் பக்கத்துக் கதை. தொழிற்சாலையிலிருந்து கொழும்பு இறக்குமதிக்காரர், அவரிடமிருந்து பம்பலப்பிட்டிக் கடைகள், அங்கிருந்து அவிசாவளை, கினிகத்தேனை வழியாக பஸ்ஸில் ஏறி ஹட்டனுக்கு. இந்தக் கடைசிக் கண்ணியில் நிற்பது என்னைப் போன்றவர்கள். பாகம் அழுகும் என்ற கணக்கு இங்கேயும் ஓடும், சில நேரம் தலைகீழாகவும் ஓடும். 2022-ல் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360-ஐத் தொட்டபோது, காலையில் சொன்ன விலையைப் பின்னேரம் சொல்ல முடியவில்லை, பழைய சாமானை விற்காமல் வைத்திருந்தவன் ஒன்றும் செய்யாமலே காசு பார்த்தான், வந்த விலைக்கு விற்றுவிட்டு மறுபடி எடுக்கப் போனவன் முதலை இழந்தான். அது விதிவிலக்கு. சாதாரண நாளில் கொழும்பில் ஓடாத மொடல்தான் 'ஓஃபர்' என்ற பெயரில் மலைக்கு ஏறி வருகிறது, நீங்கள் பார்க்க வேண்டிய ஆபத்து ஏசர் என்ற பெயரில் கிடையாது, அந்த ஓஃபரில் இருக்கிறது.

அதனால் பெயரை விட்டுவிட்டு அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் படியுங்கள். ஏசரில் ஏ315 என்றிருந்தால் ஆஸ்பயர் 3 வரிசை, 15 அங்குலத் திரை. அதற்குப் பின்னால் கோடு போட்டு வருகிற இலக்கம்தான் வயதைச் சொல்லும்: இன்டெல் மெஷினில் 56 என்றால் பத்தாம் தலைமுறைச் சிப், 58 என்றால் பதினோராம், 59 என்றால் பன்னிரண்டாம். மூன்றுக்கும் வெளியில் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே முகம், விலைச் சீட்டிலும் 'ஏசர் கோர் ஐ3' என்று ஒரே மாதிரித்தான் எழுதியிருக்கும். 24பி என்று முடிகிற, இன்டெலுக்குப் பதில் ஏஎம்டியின் ரைசன் சிப் போட்ட மொடலில் ரேம் (வேலை செய்யும்போது பாவிக்கிற நினைவகம்) போர்டிலேயே ஒட்டி வருகிறது, பின்னால் கூட்ட முடியாது, அதனால் அதை எடுப்பதென்றால் 8 ஜிபி இருக்கிறதைத்தான் எடுக்க வேண்டும். எந்தக் கம்பனியானாலும் 64 ஜிபி இஎம்எம்சி என்ற மலிவுச் சேமிப்புச் சிப் போட்டதைத் தொடாதீர்கள், விண்டோஸ் அப்டேட் இரண்டு தடவை வந்தால் இடம் முடிந்துவிடும், அதை மாற்றவும் முடியாது. எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பு இருக்க வேண்டும், 256 ஜிபி தங்கச்சிக்குப் போதும்.

மலிவு லெப்டொப்பில் காசு எங்கே வெட்டப்படுகிறது என்று கழற்றிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். என் மேசைக்கு அதிகமாக வருகிற வேலை திரை மடிக்கிற கீல் உடைந்தது, இது எல்லாப் பெயரிலும் வருகிறது. உலோகச் சட்டமாக இருந்தால் கீலின் திருகு உலோகத்திலேயே இறங்கும். மலிவுச் சாமானில் பிளாஸ்டிக் உடம்புக்குள் சூடாக்கி அமுக்கிய சின்னப் பித்தளைக் குழலில் இறங்குகிறது. திரையை ஒரு மூலையில் பிடித்து ஒற்றைக் கையால் வெடுக்கென்று திறந்து திறந்து பழகினால் ஒரு நாள் அந்தப் பித்தளை பிளாஸ்டிக்கோடு பிய்த்துக்கொண்டு வரும், அப்புறம் மேல்மூடி முழுவதையும் மாற்ற வேண்டும், பாகம் கொழும்பிலிருந்து பஸ் கொண்டக்டர் கையில் வந்து சேரும் வரை காத்திருக்கவும் வேண்டும். திரையை நடுவில் பிடித்து மெதுவாகத் திறக்கச் சொல்லுங்கள், அது ஒன்றே பாதி ஆயுள்.

குளிரைப் பற்றிக் கேட்டீர்களே, குளிர் ஒன்றும் செய்யாது, ஈரம்தான் செய்யும். மூடுபனி நாளில் பையோடு நனைந்து வந்த மெஷினை அடுப்படிச் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்து உடனே ஒன் பண்ணக்கூடாது, நன்றாகக் காயும் வரை சும்மா கிடக்கட்டும். லயத்தில் வோல்டேஜ் ஏறி இறங்கினால் லெப்டொப்பின் பெட்டரியே பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், முதலில் அடி வாங்குவது சார்ஜர். மலிவு டூப்ளிகேட் சார்ஜர் மட்டும் போட வேண்டாம்.

ஆக, ஏசர் எடுக்கலாம். 58 அல்லது 59, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, இந்த மூன்றும் இருந்தால் நான்கு வருசப் படிப்புக்கு மேலேயே ஓடும். காசு கொடுக்கும் முன் ஒன்று கேளுங்கள்: வொரண்டி ஏஜன்டுடையதா, கடையினுடையதா? இரண்டுக்கும் விலை வித்தியாசம் உண்டு, கடை வொரண்டி என்றால் கடை இருக்கிற வரைதான். ஸ்டிக்கரில் இருக்கிற 22 எழுத்துச் சீரியலையும், எஸ்என்ஐடி என்று போட்டிருக்கிற 11 அல்லது 12 இலக்க எண்ணையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பெட்டியில் இருக்கிற எண்ணும் மெஷினின் அடியில் இருக்கிற எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள், எழுதித்தர மாட்டேன் என்கிற கடையில் ஐயாயிரம் குறைத்தாலும் எடுக்க வேண்டாம்.